அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று

"ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்த எக்ஸ்ரே படத்துலயே இந்தக் கட்டி இருந்துச்சா டாக்டர்?" என்று கேட்டார், என்னிடம் பல் சீரமைக்க வந்தவர். "அப்போ சொல்லியிருக்க முடியாதுங்க" என்றேன். இருந்ததா என்று கேட்ட மனிதரிடம், சொல்லியிருக்க முடியுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அவர் கவனித்தாரா தெரியாது, தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். நான்தான் இன்னும் அங்கேயே நிற்கிறேன்.

நாற்பதைத் தாண்டிய ஆள். முன்பற்களில் இடைவெளி விழுகிறது, கீழ்த்தாடை முன்னால் வருகிறது என்று முதலில் வேறொரு கிளினிக்கில் க்ளிப் போட்டிருக்கிறார். கழற்றிய கொஞ்ச நாளில் இடைவெளி திரும்பிவிட்டது. மறுபடி போட என்னிடம் வந்தார். வழக்கம்போல லேட்டரல் செஃப், அதாவது தலையைப் பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்ரே. 1931இல் வந்த முறை, இன்றும் பல் சீரமைப்பில் எங்கள் கணக்கெல்லாம் அதிலிருந்துதான். அந்தக் கணக்கில் முதல் புள்ளி எஸ். மூளைக்கு அடியில் பிட்யூட்டரி சுரப்பி உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழியான செல்லா டர்சிகாவின் நட்டநடுவில் வைக்க வேண்டும். வைத்ததும் மூக்கின் மேல் முனைக்கு ஒரு கோடு இழுத்துவிட்டுத் தாடைக்கு இறங்கிவிடுவோம். புள்ளி வைக்கிறோமே தவிர குழியை யார் பார்க்கிறார்கள்? இப்போது அந்தப் புள்ளியையும் சாஃப்ட்வேரே வைத்துவிடுகிறது.

அன்றைக்குக் கையால் வைக்கப் போனதில் நடு எது என்றே பிடிபடவில்லை. குழியின் தரை இரண்டு கோடாகத் தெரிந்தது. தலை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அப்படித் தெரியும் என்பதால் அளந்து பார்த்தேன். நீளம் 16 மில்லிமீட்டர், ஆழம் 12 என்பது பொதுவாகச் சொல்லும் மேல் வரம்பு. இரண்டையும் தாண்டியிருந்தது. செருப்பு சைஸ் மாறியிருக்கிறதா என்று கேட்டேன், பல் டாக்டர் இதை ஏன் கேட்கிறார் என்று பார்த்தார். மோதிரம்? "அதை ஆசாரிகிட்ட போய் வெட்டித்தான் சார் எடுத்தோம்" என்று அவர் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் வளர்ச்சி ஹார்மோன் அதிகமா என்று காட்டும் ஐஜிஎஃப்-1 ரத்தப் பரிசோதனை, எம்ஆர்ஐ. பிட்யூட்டரியில் கட்டி, வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரந்து கை, கால், தாடையெல்லாம் பெருக்கும் அக்ரோமெகாலி. மூக்கு வழியாகவே அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். நல்லபடியாக முடிந்து என்னைப் பார்க்க வந்தபோதுதான் முதல் கிளினிக்கில் எடுத்த அந்தப் பழைய ஃபிலிமையும் பீரோவில் தேடிக் கொண்டுவந்திருந்தார்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குழி பெரிதாகத்தான் தெரிந்தது. ஆனால் உள்ளே கட்டி இருந்தது என்று தெரிந்த பிறகு எந்தக் குழிதான் பெரிதாகத் தெரியாது? அவர் போன பிறகு அளந்தேன், வரம்புக்குள் ஒட்டிக்கொண்டு நின்றது. செஃப் படம் நிஜ அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக விழும், அந்த ஃபிலிமில் அளவுகோலும் இல்லை. அதனால் நான் சொன்னது பொய் இல்லை. பத்து லட்சம் பேரில் வருஷத்துக்கு மூன்று நான்கு பேருக்கு வரும் நோய், பெரிய டாக்டர்களிடமே பிடிபட ஐந்து, பத்து வருஷம் ஆகிவிடுகிறது. பல் கிளினிக்கில் ஒரு ஃபிலிமை வைத்து என்ன சொல்ல முடியும்?

சரி, படத்தை விடுங்கள். ஈறு நோய் எதுவும் இல்லாத நாற்பது வயது மனிதருக்குப் புதிதாக ஏன் பல் இடைவெளி விழ வேண்டும்? வளர்ச்சி நின்று இருபது வருஷமான தாடை ஏன் முன்னால் வர வேண்டும்? அதற்கு எக்ஸ்ரேயே வேண்டாம். அந்தச் சமயத்தில்தான் அவருக்கு சர்க்கரையும் ஆரம்பித்திருக்கிறது, அதுவும் இந்த நோயோடு வரக்கூடியதுதான். அந்த கிளினிக்கில் என்ன கேட்டார்கள், கேட்டதற்கு இவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. தெரியாமல் இன்னொரு டாக்டரைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். அந்த டாக்டர் யாரென்றுகூட எனக்குத் தெரியாது, பிறகு யாரைக் காப்பாற்றினேன்? என் அலமாரியிலும் நிறைய பழைய செஃப் இருக்கிறது. ஒருவேளை அதையா?

"இருந்திருக்கலாம், அந்தப் படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது" என்று சொல்லியிருக்கலாம். அதுதான் சரியான பதில் என்று சில நாள் தோன்றும். ஆபரேஷன் முடிந்து நிம்மதியாக வந்தவரிடம் அந்த 'லாம்' என்ன செய்திருக்கும் என்று மறுநாள் தோன்றும்.

இப்போது என்னிடம் வேலை பார்க்கும் ஜூனியர்களிடம் எஸ் புள்ளி வைக்கும் முன் குழியை அளக்கச் சொல்கிறேன். ஒரு பெண் நேராகவே கேட்டார்: "கொஞ்சம் பெருசா இருந்தா எல்லாரையும் எம்ஆர்ஐக்கு அனுப்புவீங்களா சார்? நல்லா இருக்கறவங்கள்ல பத்துல ஒருத்தருக்கு பிட்யூட்டரியில சின்னதா ஏதாவது இருக்கும்னு படிச்சேனே, அதெல்லாம் ஒண்ணும் செய்யாதாமே." உண்மைதான். ஆனாலும் ஒரு காலேஜ் மாணவியை அனுப்பினேன், அவருக்கு செருப்பும் மாறவில்லை, மோதிரமும் இறுகவில்லை, குழி மட்டும்தான் பெரிது. ரிப்போர்ட்டில் கட்டி எதுவும் இல்லை. சிலருக்குக் குழி அப்படி இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்றார் நரம்பியல் டாக்டர். அந்த மாணவியின் அம்மா ஒரு வாரம் தூங்கவில்லையாம். ஸ்கேன் பில்லை மேஜையில் வைத்துவிட்டு, "நாங்க பல்லுக்குத்தானே சார் வந்தோம்" என்றார்.