காசும் ஆணியும்: மெட்டல் டிடெக்டருக்கு ஒரு சோதனைப் பாத்தி

காசைக் காற்றில் பிடித்து டிடெக்டரின் ஆழத்தை அளந்தால் கணக்கு தப்பும். மண்ணில் இருக்கும் இரும்புத் தாதுவும் காயிலுக்கு (தண்டின் நுனியில் தரைமேல் ஆட்டும் வட்டத் தட்டு) சிக்னல் தரும், காற்றில் அது கிடையாது. காற்றில் 25 செ.மீ. தள்ளிக் கேட்கும் காசு, தாது மிகுந்த மண்ணில் பாதி ஆழத்திலேயே காணாமல் போகலாம். எந்திரத்தை நம்பிப் பழக, மண்ணிலேயே ஒரு சோதனைப் பாத்தி வேண்டும்.

2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் போதும். வேண்டாத உலோகத்தை ஒதுக்கும் அமைப்பான டிஸ்கிரிமினேஷனை முழுக்க அணைத்துவிட்டு, குறுக்கும் நெடுக்குமாகத் தேடி எல்லா உலோகத் துணுக்கையும் எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு துண்டு ஆணி விட்டுப்போனாலும் பிறகு எடுக்கும் அளவுகள் உதவாது.

குழி தோண்டிக் காசைப் புதைத்தால் மேல்மண் கலைந்துவிடும், சோதனையும் கெட்டுவிடும். அதற்கு பிளாஸ்டிக் குழாய்தான் சரி. காசைவிடச் சற்றே அகலமான குழாயை 45 டிகிரி சாய்வில் மண்ணுக்குள் இறக்குங்கள். ஒரு மரக்குச்சியின் நுனியைச் சாய்வாகச் சீவி, காசு படுக்கைவாக்கில் நிற்கும்படி ஒட்டி உள்ளே தள்ளலாம். குழாய்க்குள் 14 செ.மீ. போனால் ஆழம் சுமார் 10 செ.மீ., 28 போனால் 20. காசுக்கு நேர்மேலே உள்ள மண் கலையாமல் இருக்கும். குச்சியில் ஆணி எதுவும் அடிக்கக் கூடாது.

அளவெடுக்குமுன் கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணின் தாதுச் சிக்னலை எந்திரம் கண்டுகொள்ளாதபடி சரிசெய்வது. உலோகம் இல்லாத இடத்தில் காயிலைத் தரையிலிருந்து 5 செ.மீ.க்கும் 30 செ.மீ.க்கும் இடையே ஏற்றி இறக்குங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒலி மாறாமல் இருக்கும் வரை திருத்த வேண்டும். சென்சிடிவிட்டியை (சிக்னலை உணரும் கூர்மை) உச்சத்தில் வைத்தால் ஆழம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். தாது மண்ணில் அது பெரும்பாலும் தலைகீழ்: மண்ணின் இரைச்சலும் சேர்ந்து பெருகி, மெல்லிய சிக்னலை மூடிவிடும். எந்திரம் தானாகப் பிதற்றுவது நிற்கும் வரை குறைத்தாலே ஆழத்துக் காசு தெளிவாகக் கேட்கிறது. குறைத்தும் நிற்கவில்லையா? தண்டில் தளர்ந்து ஆடும் காயில் வயரையும், காயில் மூடிக்குள் சேர்ந்த மணலையும் பாருங்கள். பையில் இருக்கும் செல்போனைத் தள்ளி வையுங்கள்.

இந்தப் பாத்தியின் உண்மையான பயன் ஆணியை வைத்துப் பார்க்கும்போதுதான் தெரியும். 10 செ.மீ. ஆழத்தில் தெளிவாகக் கேட்ட காசுக்குப் பக்கத்தில், மேல்மண்ணில் ஒரு இரும்பு ஆணியைப் படுக்க வையுங்கள். பெரிய காயில் இரண்டையும் ஒருசேரப் பார்ப்பதால், இரும்பை ஒதுக்கும் அமைப்பில் காசும் சேர்ந்து மறைந்துவிடும். 15 செ.மீ. காயிலை மாட்டி மெதுவாக ஆட்டினால், ஆணியின் நீளவாக்கில் போகும்போது மறைந்த காசு குறுக்கே வரும்போது எட்டிப்பார்க்கும். எனவே குப்பை மிகுந்த நிலத்தில் எந்த இடத்தையும் ஒரே திசையில் தேடி முடித்துவிடக் கூடாது. சந்தேகமான சிக்னலை 90 டிகிரி சுற்றி வந்து கேளுங்கள். எந்திரத்தின் திரையில் உலோகத்துக்கு ஏற்ப ஒரு எண் வரும்; படுத்திருக்கும் காசு ஏறக்குறைய அதே எண்ணைக் காட்டும், ஆணியின் எண் தாவும். துருப்பிடித்த தட்டையான தகடு மட்டும் இதிலும் ஏமாற்றும்.

அலுமினியத் தாள், பானக் கேன் வளையம் இவற்றை ஒதுக்கத் தோன்றும். ஒதுக்கினால் மெல்லிய தங்க மோதிரமும் போய்விடும், எண் வரிசையில் அவை ஒரே இடத்தில்தான் விழுகின்றன. மோதிரம் வேண்டுமென்றால் வளையங்களையும் தோண்டித்தான் ஆக வேண்டும்.

அடுத்து பார்க்க வேண்டியவை இரண்டு. காசைச் செங்குத்தாக நிறுத்தி அதே ஆழங்களில் அளப்பது. காயிலுக்குக் காசின் விளிம்பு மட்டும் தெரிவதால் சிக்னல் நன்றாகவே குறையும். மற்றொன்று, நல்ல மழைக்குப் பிறகு கிரவுண்ட் பேலன்ஸைப் புதிதாகச் செய்து, இதே அளவுகளை ஈர மண்ணில் எடுத்து ஒப்பிடுவது.