62 தென்னைகளும் ஒரு குறிப்பேடும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. முத்துப்பேட்டைப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் பொழுது விடிந்ததும் நானும் தம்பியும் தோப்புக்குப் போனோம். அப்பா குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த தென்னைகள் வேரோடு சாய்ந்தும், நடுவில் முறிந்தும், ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. தம்பி சாய்ந்த மரம் ஒன்றின் மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். நான் சட்டைப்பையில் இருந்த சிறிய குறிப்பேட்டை எடுத்து, கிழக்குக் கொல்லையில் தொடங்கி ஒவ்வொரு மரமாக எண்ணி எழுதினேன். மொத்தம் 62.

அன்று மாலை முதல் பத்து நாட்களுக்குத் தம்பி வீட்டுத் திண்ணையில் ஆட்கள் இருந்துகொண்டே இருந்தார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். அதே தெருவில் நான்கு வீடு தள்ளி இருந்த என் வீட்டுக்கும் ஆட்கள் வந்தார்கள்; ஆனால் நிவாரண விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று கேட்பதற்காக வந்தார்கள். "அண்ணன் கல்லு மாதிரி நிக்கிறாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதை அப்போது பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதும் வேலையில் இருந்தவன் நான். மாலையில் ஒரு ரூபாய் இடித்தால்கூட அது கிடைக்கும்வரை வீடு திரும்ப மாட்டேன். வீட்டிலும் அப்படித்தான். சாவிக்கு ஓர் ஆணி, செருப்புக்கு ஓர் இடம், கோபத்துக்கு இடமே இல்லை. என்னைக் கெட்டவன் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் புயல் கழிந்து இரண்டாம் ஆண்டில் தூக்கம் போயிற்று, பசி போயிற்று, சம்பா நடவு நடக்கும் வயலை வரப்பில் நின்று பார்த்தாலும் மனத்தில் எதுவும் அசையவில்லை. மனச்சோர்வு என்றார் மருத்துவர். மாத்திரை தூக்கத்தைத் திருப்பித் தந்தது, மற்றவை திரும்பவில்லை. முதலில் ஆலோசனைக்குச் சென்ற இடத்தில், எண்ணங்களைக் கட்டுப்படுத்தவும் நாளைத் திட்டமிட்டு நடத்தவும் கற்றுக்கொடுத்தார்கள். அதை நான் மிக நன்றாகச் செய்தேன். அட்டவணை போட்டு, கட்டம் கட்டி, ஒரு நாள் தவறாமல் செய்தேன். செய்யச் செய்ய இன்னும் இறுகிப் போனேன். எந்தப் பழக்கம் என்னை நோயாளியாக்கியதோ, அதையே கூடுதலாகச் செய்யும்படி எனக்குச் சொல்லப்பட்டது என்பது பிறகுதான் புரிந்தது.

உளவியல் சிகிச்சைகளில் பல, உணர்ச்சி கட்டுக்கடங்காமல் போகிறவர்களை மனத்தில் வைத்து உருவானவை. சட்டென்று கோபப்படுகிறவர், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்கிறவர், நினைத்த மாத்திரத்தில் உறவை அறுத்துக்கொள்கிறவர் ஆகியோருக்கு நிதானத்தைக் கற்பிப்பது அவற்றின் வேலை. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹான் உருவாக்கிய டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்னும் பேச்சுவழிச் சிகிச்சை அவ்வகையில் புகழ்பெற்றது. அதே மரபில் வந்த தாமஸ் லிஞ்ச் என்பவர் இதற்கு நேர்மாறான மனிதர்களைக் கவனித்தார். திட்டமிடல், பொறுமை, கடமை, ஒழுங்கு எல்லாம் நிறைந்திருந்தும் உள்ளுக்குள் தனிமையில் வற்றிப்போகிறவர்கள் அவர்கள். நாட்பட்ட மனச்சோர்வு, உணவை மறுத்து உடலை உருக்கும் அனோரெக்ஸியா, எல்லாம் விதிப்படி நடக்க வேண்டும் என்னும் பிடிவாதம் ஆளுமையாகவே உறைந்துவிட்ட நிலை ஆகியவற்றில் இத்தகையவர்கள் பலர் இருப்பதாக அவர் கருதினார். இவர்களுக்கென அவர் அமைத்த முறைக்கு ரேடிகலி ஓப்பன் டி.பி.டி. என்று பெயர், அதன் விரிவான கையேடு 2018-இல் வெளிவந்தது. 'முழுத் திறப்பு' என்று அதை நான் எனக்குள் சொல்லிக்கொள்வது வழக்கம்.

அடக்கி வைத்த உணர்ச்சி அணைபோல் தேங்கி ஒரு நாள் உடைத்துக்கொண்டு வரும் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். ஆகவே அழுது தீர்த்துவிடு, கத்தித் தீர்த்துவிடு என்று அறிவுரை சொல்கிறோம். லிஞ்ச் சொல்வது அதுவன்று. மிகையான கட்டுப்பாட்டின் முதன்மையான கேடு உள்ளே தேங்குவதில் இல்லை, வெளியே எதுவும் தெரியாமல் போவதில் இருக்கிறது என்கிறார். முகமும் குரலும் நம் நிலையைப் பிறருக்குச் சொல்லும் சைகைகள். அவை நின்றுபோனால் எதிரே இருப்பவருக்கு நம்மிடம் நெருங்க வழி இல்லை. 2003-இல் வெளியான ஆய்வு ஒன்றில், முன்பின் அறியாத பெண்கள் இருவர் இருவராக மனத்தை வருத்தும் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேசினார்கள். ஒருத்தியிடம் மட்டும் உணர்ச்சியைக் காட்டாமல் பேசும்படி இரகசியமாகச் சொல்லப்பட்டிருந்தது. அவளோடு பேசியவளுக்கு, அந்த இரகசியம் தெரியாமலேயே, இரத்த அழுத்தம் ஏறியது. இதைப் படித்த இரவில் என் மனைவியை நினைத்துக்கொண்டேன். இருபத்தாறு ஆண்டுகள் அவள் என் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள்.

டெல்டாக்காரனுக்கு இதை விளக்க ஒரே வாக்கியம் போதும். முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில், கடைமடையில் இருப்பவன் தன் வயல் வெடித்துக் கிடப்பதை மதகைத் திறந்து தண்ணீர் விடும் லஸ்கரிடம் போய்ச் சொல்லாவிட்டால், மேலே இருப்பவர்கள் கெட்டவர்களாக இல்லாவிட்டாலும் அவனுக்குத் தண்ணீர் வராது.

எனக்குக் கிடைத்த உளவியலாளர் இம்முறையில் முழுப் பயிற்சி பெற்றவர் அல்லர். அதைப் படித்து, அதன் கூறுகளைத் தம் சிகிச்சையோடு சேர்த்துக்கொண்டவர். வாரந்தோறும் பஸ் ஏறித் தஞ்சாவூர் போய்வந்தேன். முதல் நாளே அவர் ஓர் உறுதி கேட்டார்: "இனிமே வர வேணாம்னு தோணுச்சுன்னா, சொல்லாம நின்னுடாதீங்க சார். நேர்ல ஒரு தடவை வந்து சொல்லிட்டு நில்லுங்க." என்னைப் போன்றவர்கள் "பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த வாரம் முதல் வராமலேயே போய்விடுவார்களாம். ஐந்தாம் வாரம் நானும் அப்படித்தான் நினைத்தேன். கொடுத்த வாக்குக்காக நேரில் போய், "நீங்கள் கேட்ட ஒரு கேள்வி எனக்கு அவமானமாக இருந்தது" என்று சொன்னேன். அவர் நன்றி சொன்னார். மனத்தாங்கலைச் சொன்ன பிறகும் உறவு முறியாமல் இருக்கும் என்பதை ஐம்பத்து நான்கு வயதில் அன்றுதான் கண்டேன். இம்முறையில் இப்படிப்பட்ட சிறு பிணக்குகளை இடையூறாகக் கருதுவதில்லை. அவற்றைத் தீர்த்துப் பழகுவதே சிகிச்சையின் பெரும்பகுதி.

அவர் கற்றுத்தந்தவற்றுள் மிகச் சிறியது ஒன்றே எனக்கு மிகப் பெரிதாக இருந்தது. நாற்காலியில் பின்னால் சாய்ந்து, மூச்சை ஆழமாகவும் மெதுவாகவும் இழுத்து, வாய் திறக்காமல் புன்னகைத்து, புருவத்தை உயர்த்த வேண்டும். என்னைப் போன்றவர்களின் உடல் எப்போதும் ஏதோ ஆபத்தை எதிர்பார்த்து விறைத்தே இருப்பதால், இங்கே அச்சமில்லை என்று மனத்துக்கு உடல்வழியே செய்தி சொல்லும் முயற்சி இது. எதிரே இருப்பவருக்கும் அதே செய்தி போகிறது. புருவம் உயர்த்துவது நமக்குப் புதிதன்று. வரப்பில் எதிர்ப்படுகிறவன் வாய் திறக்காமல் புருவத்தை மட்டும் உயர்த்தி "என்ன?" என்று நலம் கேட்டுவிட்டுப் போகிறானே, அதுதான். கண்ணாடி முன் நின்று நான் செய்து பார்த்தபோது நெற்றித் தசை நடுங்கியது. அத்தனை காலம் அதற்கு வேலையே இருந்திருக்கவில்லை.

இன்னொன்று, தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் குறிப்பேடு. ஒருவர் சொன்னது சுருக்கென்று தைத்தால், உடனே அவர் தவறு என்றோ நான் தவறு என்றோ தீர்ப்பெழுதாமல், இதில் நான் கற்க வேண்டியது ஏதேனும் உண்டா என்ற கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு சில நிமிடங்கள் எழுத வேண்டும். நான் கோடு போட்டு, தேதியிட்டு, எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு போனேன். அவர் அதை மூடி வைத்துவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு மேல் எழுதக் கூடாது, விடை கிடைக்காமலேயே நிறுத்த வேண்டும் என்றார். இடித்த கணக்கை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோவதுபோல அது எனக்கு வேதனையாக இருந்தது. இந்தத் தற்கேள்வியின் வேரை லிஞ்ச், 9-ஆம் நூற்றாண்டில் ஈரானின் நிஷாப்பூரில் தோன்றிய மலாமதி என்னும் சூஃபிகளிடம் காண்கிறார். தம் நற்செயல்களை மறைத்து, தம் மனத்தையே ஓயாமல் சோதித்தவர்கள் அவர்கள். நாகூர் தர்காவுக்குச் சாதி மதம் பாராமல் போய்வரும் ஊரில் பிறந்த எனக்குச் சூஃபி என்ற சொல்லைக் கேட்டதும் மனம் சற்று இளகியது.

இதை அருமருந்து என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 250 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2020-இல் வெளியாயிற்று. மருந்துக்கு இணங்காத மனச்சோர்வு உள்ள அவர்களில் இச்சிகிச்சை பெற்றவர்கள் ஏழாம் மாதத்தில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடத் தெளிவாகத் தேறியிருந்தார்கள். ஆனால் பன்னிரண்டாம் மாதத்தில் அந்த வேறுபாடு உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. நானும் மாத்திரையை நிறுத்தவில்லை, மருத்துவரைக் கேட்காமல் யாரும் நிறுத்தவும் கூடாது. தஞ்சாவூர் வரை போக முடியாதவர்கள் 14416 என்ற எண்ணில், அரசின் டெலி மானஸ் மனநலத் தொலைபேசி உதவியில் தொடங்கலாம். பேசும்போது "சமாளித்துக்கொள்கிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல்லை நம்பி எதிர்முனையில் இருப்பவர் உங்களை விட்டுவிடக்கூடும்.

"அடக்க ஒடுக்கமான பிள்ளை" என்று நாம் பெருமையாகச் சொல்லும் குழந்தைகளை இப்போது வேறு கண்ணால் பார்க்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் நலமாகவே இருப்பார்கள். ஆனால் கீழே விழுந்து முழங்கால் சிராய்ந்தும் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காத பிள்ளையைக் கண்டால் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

போன தையில் எனக்கு ஒரு பயிற்சி தரப்பட்டது. நெருங்கிய ஒருவரிடம், இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டு வர வேண்டும். தம்பி வீட்டுத் திண்ணைக்குப் போனேன். அறுவடை முடிந்து நெல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். பின்னால் சாய்ந்து, மூச்சு விட்டு, புருவத்தை உயர்த்தி, "தோப்பு விழுந்த அன்னிக்கு எனக்கும் உன் பக்கத்துல ஒக்காந்து அழணும்போல இருந்துச்சுப்பா" என்றேன். குரல் பாதியில் உடைந்தது. அதைச் சரிசெய்யாமல் விட்டேன்.

அவன் சாக்குத் தைக்கும் ஊசியைக் கீழே வைத்தான். "கிழக்குக் கொல்லையில எத்தனைண்ணே போச்சு?"

"பதினெட்டு."

"நான் எண்ணவே இல்லண்ணே" என்று சொல்லி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.