இழுத்தால் அவிழ வேண்டும்

என் சட்டைப் பையில் எப்போதும் நான்கு முழ நீளத்தில் ஒரு பருத்திக் கயிறு இருக்கும். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதும், முடிவதற்கான அறிகுறியே தென்படாத கூட்டங்களில் உட்கார்ந்திருக்கும்போதும், என் விரல்கள் அதை எடுத்து முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருக்கும். வெற்றிலை, சுருட்டு என்று எந்தப் பழக்கமும் இல்லாத மனிதனுக்கு இப்படியொரு பழக்கமா என்று என் மனைவி கேட்பதுண்டு. கணக்குப் பார்த்தால் இந்தப் பழக்கத்துக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

தொடங்கியது இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில். அப்பாயி கொழுந்து எடுக்கப் போகும் கூடையின் கயிற்றைத் தாத்தாதான் கட்டிக் கொடுப்பார். கூடை முதுகில் தொங்கினாலும் அதன் பாரத்தைச் சுமப்பது தலைக்கு மேலாகப் போகும் அந்தக் கயிறுதான். நீளம் நான்கு விரல் கூடினால் கூடை இடுப்புக்குக் கீழே இறங்கி நடையைக் கெடுக்கும், குறைந்தால் கழுத்தைப் பின்னுக்கு இழுக்கும். ஆகவே ஒருமுறை கட்டிவிட்டு மறந்துபோகும் கட்டாக அது இருக்க முடியாது. மேட்டு மலையில் ஒரு நீளம், பள்ளத்தில் வேறொரு நீளம் என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் மழையில், விறைத்துப்போன விரல்களால்.

தாத்தா செய்வது இதுதான். கூடையின் விளிம்பில் கயிற்றாலேயே ஒரு காது இருக்கும். தலைக்கயிற்றின் நுனியை அந்தக் காதுக்குள் கீழிருந்து மேலாக நுழைப்பார். காதின் இரு கால்களையும் பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றுவார். பிறகு நுனியை அதே கயிற்றின் அடியில் செருகுவார். செருகும்போது நுனியை முழுதாக இழுத்துவிடாமல், மடித்து ஒரு சிறு வளையமாக நிறுத்திவிடுவார். அந்த வளையத்துக்கு எங்கள் வீட்டில் 'உருவு' என்று பெயர். பாரம் ஏற ஏறக் காது கயிற்றை நெரித்துப் பிடிக்கும். வேண்டாதபோது வெளியே நீட்டியிருக்கும் நுனியை ஓர் இழுப்பு இழுத்தால் கட்டு முழுவதும் பொலபொலவென்று விட்டுப்போகும்.

உருவு இல்லாமல் எவனாவது கட்டினால் தாத்தாவுக்குக் கோபம் வரும். அதன் காரணம் பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது. அப்போதிருந்தது தும்புக் கயிறு. இயற்கை நார் தண்ணீரைக் குடித்துப் பருக்கும். பாரம் தாங்கி ஏற்கெனவே இறுகிய முடிச்சு நனைந்தால் மேலும் இறுகி, நகத்துக்கும் பல்லுக்கும் மசியாத கட்டியாகிவிடும். வருடத்தில் பாதி நாள் ஈரத்திலேயே கிடக்கும் எங்கள் பக்கத்தில், அவிழாத முடிச்சுக்கு ஒரே மருந்து கத்தி. கத்தி வைத்தால் கயிறு குட்டையாகிவிடும், புதுக் கயிற்றுக்குக் காசு வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் சாரணர் அணியில் சேர்ந்தபோதுதான் முடிச்சுகளுக்குப் பெயர்கள் உண்டு என்பதை அறிந்தேன். ரீப், குளோவ் ஹிட்ச், போலைன், ஷீட் பெண்ட் என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போக, எனக்கு வேறு உலகமொன்று திறந்ததுபோல் இருந்தது. வலதை இடதின் மேல், பிறகு இடதை வலதின் மேல் போட்டால் அது ரீப். இரண்டு முறையும் வலதையே மேலே போட்டால் அது வழுக்கும், அல்லது கடித்துக்கொண்டு அவிழாது என்பதைக் கற்றுக்கொண்ட அன்று, லயத்தில் கண்ணில்பட்ட முடிச்சுகளையெல்லாம் அவிழ்த்துத் திருத்திக் கட்டினேன். அதற்கு வாங்கிய திட்டுகள் தனிக்கதை.

முடிச்சு நிபுணன் என்ற பட்டத்தைத் தானே சூட்டிக்கொண்டவனுக்குச் சறுக்கல் வராமல் போகுமா? எனக்குப் பதினான்கு வயதிருக்கும். ஜூன் மாதம், தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் முழுவீச்சில் மோதும் காலம். எங்கள் கூரைத் தகரத்தில் ஓட்டை விழுந்திருந்ததால் அதன் மேல் ஒரு படங்கை விரித்துக் கட்ட வேண்டியிருந்தது. கயிறு எட்டவில்லை. அப்போதுதான் கடைகளில் பரவத் தொடங்கியிருந்த நீல நைலோன் கயிறு ஒன்றை வாங்கி வந்து, பழைய தும்புக் கயிற்றோடு ரீப் முடிச்சால் இணைத்தேன். அழகாக, இரண்டு கொக்கிகள் கோத்ததுபோல் அமைந்திருந்த முடிச்சைத் தாத்தா நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நடுச்சாமத்தில் படங்கு கிளம்பிப்போய்க் கீழ் லயத்துக் கோழிக்கூட்டின் மேல் விழுந்தது, நாங்கள் விடியும்வரை அரிசி மூட்டையைக் கட்டிலுக்குக் கட்டில் மாற்றிக்கொண்டிருந்தோம்.

ரீப் முடிச்சு ஒரு பொட்டலத்தின் மேல் அழுந்திக் கிடக்கும்வரை நன்றாக இருக்கும்; கப்பல் பாயைச் சுருக்கிக் கட்டவும் காயத்துக்குத் துணி சுற்றவும் போதும். ஆனால் இரு கயிறுகளை இணைப்பதற்கு அது உதவாது. ஒரு நுனி மட்டும் பின்னோக்கி இழுபட்டால் அந்தக் கயிறு நேராக நிமிர்ந்துவிடும். மற்றக் கயிறு அதன்மேல் வெறும் வளையமாகி வழுக்கிக் கழன்றுவிடும். ஒன்று சொரசொரப்பாகவும் மற்றது வழவழப்பாகவும் இருந்தால் கேட்கவே வேண்டாம். முடிச்சைத் தாங்குவது உராய்வு ஒன்றுதான். தும்பில் ஒரு சுற்றோடு நிற்கும் கட்டுக்கு நைலோனில் இரண்டு சுற்றுத் தேவைப்படும்.

அந்த இடத்தில் போட வேண்டியிருந்தது ஷீட் பெண்ட். நெசவாளர் அறுந்த இழையைச் சேர்க்கப் போடும் முடிச்சும் அமைப்பில் இதுவே. கிளிஃபோர்ட் ஆஷ்லி என்ற அமெரிக்கர் 1944இல் வெளியிட்ட, 3,800க்கு மேற்பட்ட எண்ணிட்ட பதிவுகள் கொண்ட தொகுப்பில் முதலாம் எண் இதற்குத்தான். வேலைக்குப் போன பிறகு அந்தத் தொகுப்பை இரவல் வாங்கிப் பக்கம் பக்கமாகக் கட்டிப் பார்த்தபோது, ஓரிடத்தில் என் கை நின்றுவிட்டது. ஒரு கயிற்றின் மடிப்பு. மற்றதன் நுனி அதற்குள் நுழைந்து, பின்னால் சுற்றி, தன் அடியிலேயே செருகப்படுகிறது. நுனியை மடித்துச் செருகினால் இழுத்து அவிழ்க்கலாம். கூடைக் காதில் தாத்தா போட்டதும் இதேதான்! ஆறு வயதிலிருந்து என் கை அறிந்திருந்த முடிச்சை, கரும்பலகையில் வேறு பெயரில் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. படங்கு பறந்த இரவில் அதைச் சொல்லித்தர அவர் பக்கத்திலேயே இருந்தார், நான்தான் கேட்கவில்லை.

தாத்தாவுக்கு அதை யார் கற்றுக் கொடுத்தார்கள் என்பது தெரியவில்லை. முடிச்சுகளின் பூர்வீகம் பெரும்பாலும் இப்படித்தான். 1978இல் எட்வர்ட் ஹண்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் புதிய முடிச்சொன்றைக் கண்டுபிடித்திருக்கிறார் என்று லண்டன் டைம்ஸ் முதற்பக்கத்திலேயே செய்தி வெளியிட்டது. பிறகு பார்த்தால், பில் ஸ்மித் என்ற அமெரிக்கர் மலையேறுபவர்களுக்காக 1950களில் எழுதிய சிறுநூலில் அதே முடிச்சு ஏற்கெனவே இருந்திருக்கிறது. அந்தப் பரபரப்பினால் ஒரு நன்மை விளைந்தது: ஆர்வலர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொண்டார்கள், 1982இல் முடிச்சுக் கலைஞர்களுக்கென ஒரு பன்னாட்டுச் சங்கமும் உருவானது.

இந்தப் பைத்தியத்தின் பக்க விளைவுகளையும் சொல்லிவிட வேண்டும். கலியாண வீட்டில் எல்லோரும் அட்சதை போடும்போது, மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டு மற்ற இரண்டையும் நாத்தனாரிடம் விடும் அந்தச் சில விநாடிகளில் நான் மஞ்சள் கயிற்றையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பேன். கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாவிடம் கால்மணி நேரம் நின்று, விரலில் ஒரு வளையத்தைத் திருப்பிக் காம்புகளில் மாட்டி இறுக்கும் அந்த ஒற்றை அசைவைப் படித்தேன். எழுபத்தைந்து புத்தகப் படங்கள் பார்த்தாலும் அந்த வேகம் வராது. சரம் வாங்காமல் வந்ததால் அந்த அம்மாவுக்கு என்மேல் வருத்தம்.

போன மாதம் நுவரெலியாவிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னாலிருந்த பெரியவரின் லீக்ஸ் மூட்டை வளைவுக்கு வளைவு சரிந்து விழுந்துகொண்டிருந்தது. கண்டக்டர், "ஐயா, யாரிடமாவது கயிறு கிடக்கா?" என்று கேட்டார். சற்றுத் தயங்கித்தான் எடுத்துக் கொடுத்தேன். பிறகு கொடுத்ததைத் திரும்ப வாங்கி நானே மூட்டையின் காதில் போட்டு, இருக்கைக் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். நானுஓயாவில் பெரியவர் இறங்க எழுந்து, கட்டைப் பார்த்து மலைத்து, இடுப்பிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தார்.

"வெட்டாதீங்க அண்ணே, அந்த நுனிய இழுங்க" என்றேன்.

இழுத்தார். நான்கு முழமும் குறையாமல் கயிறு என் கைக்கு வந்து சேர்ந்தது.