ஏற்காட்டு அளவைக் குறிப்புகள்

மார்ச் 11

காப்பித் தோட்ட எல்லை அளவை. சில்வர் ஓக் நிழலில் ரோவர் (கையோடு எடுத்துப்போய் அளக்கும் ஜி.பி.எஸ். கருவி) திணறுவது எப்போதும் உள்ளதுதான். ஓரிடத்தில் நிலையாக வைக்கும் பேஸ் கருவி இருந்ததோ திறந்த பாறை மேல். இரவு எட்டு மணிக்கு மேல் பார்த்தால், தெற்கு வானத்துச் செயற்கைக்கோள்கள் எல்2 அலையில் (ஜி.பி.எஸ்.ஸின் இரண்டாவது அலைவரிசை) விட்டு விட்டு வருகின்றன. மழையில்லை, மேகமில்லை.

"சார், மேலே கரண்ட் போயிருச்சா?" என்றார் மேஸ்திரி.

ஒரு வகையில் அதேதான். இருட்டியதும், வெயிலில் எலக்ட்ரான் பிரிந்து கிடக்கும் உயரக் காற்றடுக்கான அயனிமண்டலத்தின் அடியிலிருந்து எலக்ட்ரான் குறைந்த குமிழிகள் மேலே கிளம்பும். அவற்றைக் கடந்து வரும் அலை சிதறி மினுங்கும்.

மார்ச் 12

பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் காந்த நடுக்கோடு நமக்குத் தெற்கே, திருநெல்வேலிப் பக்கம் போகிறது. 1960களின் தொடக்கத்தில் கேரளத்தின் தும்பாவை ராக்கெட் தளத்துக்குத் தேர்ந்ததும் அந்தக் கோட்டை வைத்துத்தான். அதனால் சேலத்துக்கு ஒரு சலுகை: காந்தப்புலம் ஏறக்குறைய படுத்துக் கிடப்பதால் செயற்கைக்கோள் ராடாரின் அலை அதிரும் தளம் அதிகம் சுழலாது. அபராதம் இந்தக் குமிழிகள். மார்ச், ஏப்ரலில் ஆட்டம் அதிகம். செப்டம்பர், அக்டோபரில் மறுபடியும்.

மார்ச் 14

மழைக்குச் சரியும் மலைப்பாதையைப் பார்க்கும்போதெல்லாம் நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த ராடார் செயற்கைக்கோள் நிசார் நினைவுக்கு வருகிறது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது; 12 நாளுக்கொருமுறை அதே இடத்தைப் படம்பிடிக்கும். மண் சில சென்டிமீட்டர் நகர்ந்தாலும் கண்டுபிடிக்கும் என்கிறார்கள். சரி, ஆனால் நடுவில் அயனிமண்டலம் இருக்கிறதே? ஒரு சதுர மீட்டர் அகலத் தூணில் நூறு கோடி கோடி எலக்ட்ரான் கூடினாலே நிசாரின் எல் அலையில் தூரக் கணக்கு ஒருவழிக்குச் சுமார் 26 செ.மீ. பிசகும். அந்த அலையின் நீளமே ஏறக்குறைய 24 செ.மீ.தான்! அதிர்வெண் கூடிய, இஸ்ரோ தந்த எஸ் ராடாரின் அலையில் அதே பிசகு 4 செ.மீ.; அதிர்வெண் இரட்டித்தால் பிசகு கால்பங்காகும்.

படம் முழுக்க ஒரே அளவு பிசகினால் கவலையில்லை. இடத்துக்கு இடம் மாறும்போதுதான் மண் நகர்ந்ததுபோல் வேஷம் போடும். அதைப் பிரிக்க எல் ராடாரின் அலைப்பட்டையை 20, 5 மெகாஹெர்ட்ஸ் என இரண்டாக வைத்திருக்கிறார்கள். மண் அசைவு இரண்டிலும் ஒரே தூரமாகத் தெரியும், எலக்ட்ரான் பிசகு மட்டும் வேறுபடும். நம் இரட்டை அலைவரிசைக் கருவியின் கணக்கேதான்.

மார்ச் 15

நிசார் தலைக்கு மேல் வருவது காலை, மாலை ஆறு மணியை ஒட்டி. குமிழிகள் கிளம்புமுன் போய்விடும். காட்டு மரங்களை எடைபோடும் ஐரோப்பாவின் பயோமாஸ் செயற்கைக்கோளுக்கும் அதே நேரம்தான். அதன் 435 மெகாஹெர்ட்ஸில் அதே எலக்ட்ரானுக்கு 2 மீட்டருக்கு மேல் பிசகும், வேறு வழியில்லை.

அப்புறம், பேஸ் பதிவை நாமும் பகலுக்கு மாற்றியாயிற்று. காலை ஏழுக்குக் கேட்டைத் திறந்துவைக்கத் தோட்டத்து ரைட்டரிடம் சொல்லியிருக்கிறேன்.