யானை பார்க்க முண்டந்துறை: முதலில் அணை நீர்மட்டத்தைப் பாருங்கள்

முதுமலைக்கோ பந்திப்பூருக்கோ போய்வந்த கண்ணோடு களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்கு வந்தால் ஏமாற்றம்தான். ஜீப்பில் ஒரு சுற்று, வழியில் நாலு யானைக் கூட்டம், படம் எடுத்துக்கொண்டு திரும்புவது என்ற கணக்கெல்லாம் இங்கே செல்லாது. மலை செங்குத்து, காடு அடர்த்தி, யானை எண்ணிக்கையும் வடக்கே உள்ள காடுகளைவிடக் குறைவு. 1988-ல் களக்காடு, முண்டந்துறை இரண்டு சரணாலயங்களையும் சேர்த்து இந்தக் காப்பகம் உண்டானது. 2022-ல் அகத்தியமலை யானைகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபோது இந்த மலைத்தொடரும் அதற்குள் வந்தது. பெயர்ப்பலகை கூடியதே தவிர, யானை சாலையோரம் வந்து நிற்கப் போவதில்லை. நேரம் பார்த்துப் போனால் வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான்.

நேரம் பார்க்க எங்கள் பக்கத்தில் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. நெல்லைப் பதிப்புப் பேப்பரில் வரும் அணை நீர்மட்டம். பாபநாசம் அணை 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118 என்பது இங்கே விவசாயிகளுக்கு மனப்பாடம். வடகிழக்குப் பருவமழை முடிந்து அணை நிரம்பி நிற்கும் மார்கழி, தை மாதங்களில் மலை முழுக்கத் தண்ணீர் ஓடும். யானைக்கு எந்த ஓடையிலும் குடிக்கலாம், எங்கே வேண்டுமானாலும் போகலாம், அதனால் கண்ணில் படாது. பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் போய் முடியும் பங்குனி வாக்கில் காரையார், அதாவது பாபநாசம் அணையின் நீர்மட்டம் இறங்கிவிடும். இறங்கிய இடத்தில் ஈரச் சேறு, சேற்றில் இளம்புல். சின்ன ஓடைகள் வற்றிய அந்த நாளில் குடிக்கத் தண்ணீரும் தின்னப் புல்லும் ஒரே இடத்தில் கிடைக்கிற விளிம்பு அதுதான். பாபநாசம் பாதிக்குக் கீழே போய்விட்டது என்று பேப்பரில் பார்த்தால் பையைக் கட்டலாம். கார் நெல் சாகுபடிக்கு ஜூனில் அணை திறப்பார்கள். பின்னாலேயே தென்மேற்குச் சாரல் பிடித்துக்கொள்ளும். அதற்குள் போய்வந்துவிட வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். அதே கோடையில்தான் காட்டுத்தீ அபாயம் என்றோ கணக்கெடுப்பு என்றோ சோதனைச்சாவடியை மூடுவார்கள். முதல் நாளே கேட்டுக்கொள்ளாமல் கிளம்பினால் பாபநாசம் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஆடி அமாவாசையை ஒட்டி, காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலில் கூட்டம் நாள்கணக்கில் தங்கிச் சமைக்கும். அந்தப் புகையும் கொட்டுச் சத்தமும் அடங்கி இரண்டு வாரமாவது ஆகாமல் யானை நினைப்பே வேண்டாம்.

தங்குவதற்கு அம்பாசமுத்திரமோ வி.கே.புரமோ (விக்கிரமசிங்கபுரம்) வசதி. திருநெல்வேலி–செங்கோட்டை ரயிலில் அம்பையில் இறங்கிவிடலாம். சாவடி திறக்கும் நேரத்துக்கே வாசலில் நில்லுங்கள். வெயில் ஏறிவிட்டால் யானை நிழலுக்குள் போய்விடும், பிறகு மாலை சாயும்போதுதான் வெளியே வரும். ஆனால் மாலைக்குள் நீங்கள் இறங்கியாக வேண்டும். அதனால் காலைதான் உங்களுக்கு. எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்று போதும். நீர்விளிம்பில் நிற்கும் யானை எதிர்க்கரையில் கரும்பாறை மாதிரிதான் தெரியும். பாறை காதை ஆட்டுகிறதா என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

யானை கிடைக்காத நாளில் தடயம் கிடைக்கும். எனக்குக் கேட்டால் அதுவே பாதிப் பயணம். வனக்காவலர் கூட இருந்து இறங்கச் சொன்னால் மட்டும் இறங்குங்கள். லத்தியை, அதாவது யானைச் சாணத்தைப் பார்த்ததும் புதுசா பழசா என்பதுதான் முதல் கேள்வி. புதிய லத்தி மேலே வழவழவென்று மின்னும், ஈ மொய்க்கும், பிட்டால் உள்ளே சூடு இருக்கும். இரவு மழை பெய்திருந்தால் நேற்றைய லத்திகூட நனைந்து புதுசு மாதிரி தெரியும். மேல்தோற்றத்தை நம்பாமல் உள்ளே தொட்டுப் பாருங்கள். ஒடித்த கிளையில் பால் வடிகிறதா, புல்லில் பனி உதிர்ந்து கோடு போட்டிருக்கிறதா, பாதைக்குக் குறுக்கே சிலந்தி வலை அறுபடாமல் இருக்கிறதா என்று பார்த்தாலே எத்தனை நேரம் முன்னால் போனது என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். யானை புல்லை வேரோடு பிடுங்கி, முன்காலில் தட்டி மண்ணை உதிர்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கும். தட்டிய இடத்தில் மண்ணும், கடித்துப் போட்ட வேரும் சின்னக் குவியலாகக் கிடக்கும்.

தடம் வட்டமாக இருந்தால் முன்கால், நீள்வட்டமாக இருந்தால் பின்கால். முன்கால் தடத்தைச் சுற்றி நூல் பிடித்து அளந்து இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் கிட்டத்தட்ட வரும். 130 சென்டிமீட்டர் சுற்றளவு என்றால் யானை எட்டரை அடி. அந்த அளவில் தடம் ஒன்றே ஒன்றாகப் போனால் ஒற்றை ஆண் யானை என்று வைத்துக்கொண்டு வண்டிக்குத் திரும்புங்கள்.

கண்ணைவிட யானைக்கு மூக்குதான் எல்லாம். சட்டைப்பையில் மெல்லிய துணி முடிச்சில் கொஞ்சம் சாம்பல் வைத்துத் தட்டினால் காற்றுத் திசை தெரியும். வெயில் ஏற ஏறக் காற்று சரிவில் மேலே போகும், மாலையில் மலையிலிருந்து கீழே இறங்கும். காலையில் சரியாக இருந்த இடம் மாலையில் தப்பாகிவிடுவது இதனால்தான். செண்ட், பவுடர் வேண்டாம். வண்டியில் பலாப்பழம், வாழைத்தார் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

சாலையில் யானை எதிரே நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் அடிக்கக் கூடாது, விளக்கைப் பளிச்சிடக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும், பின்னால் வரும் வண்டியையும் நகர்த்தச் சொல்லி மெதுவாகப் பின்வாங்குங்கள். பிளிறிக்கொண்டு காதை விரித்து ஓடிவந்து சட்டென்று நின்றால் பெரும்பாலும் மிரட்டல். காதைப் பின்னுக்கு மடித்து, துதிக்கையை உள்ளே சுருட்டி, சத்தமில்லாமல் வந்தால் மிரட்டல் இல்லை. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே நீர் வழிந்து கறை பட்டிருந்தால் மதம் பிடித்த ஆண். குட்டி சாலையின் ஒரு பக்கம், தாய் மறுபக்கம் என்றால் நடுவில் போய் நிற்காதீர்கள். இறக்கத்தில் யானை ஓடாது என்று ஊரில் சொல்வதை நம்பி யாரும் பள்ளத்தில் ஓட வேண்டாம். அதெல்லாம் நன்றாகவே இறங்கும்.

கோயில் யானை பழகிய ஊர்க்காரர்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை அதிகம் தேவை. நெல்லையப்பர் கோயில் காந்திமதி, 2025 ஜனவரியில் இறக்கும்வரை, எத்தனை பிள்ளைகள் தலையில் துதிக்கை வைத்திருக்கும்! அந்த நினைப்போடு காட்டு யானைக்குக் கை நீட்டக் கூடாது.

மாஞ்சோலைப் பக்கம் வேறு உலகம். மணிமுத்தாறு சாவடியைத் தாண்டி ஏறினால் காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. 2023 ஜூனில் தேனிப் பக்கம் பிடித்து முத்துக்குழிவயல் காட்டில் விட்ட அரிக்கொம்பன் யானை, கழுத்தில் ரேடியோ காலரோடு செப்டம்பரில் வந்து நின்றது இந்த நாலுமுக்கு எஸ்டேட்டில்தான். இங்கே போக வனத்துறை அனுமதி முன்கூட்டி வேண்டும். மழைநாளில் அட்டை ஏறும். பேன்ட்டைக் காலுறைக்குள் செருகி, விளிம்பில் உப்பு அல்லது புகையிலைத் தூள் தேய்த்துக்கொள்ளுங்கள். முண்டந்துறையில் கோடையில் அட்டை இல்லை, உண்ணி உண்டு. புல்லில் உட்கார்ந்து எழுந்தால் அன்றிரவு இடுப்பைச் சொறிய வேண்டும்.

யானையைத் தேடி மலைக்கு ஏறாமல் அடிவாரத் தோட்டங்களுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். வாழையையும் பனங்குருத்தையும் தேடி யானை இறங்கும் இடங்கள் அவை. ஒரே ராத்திரியில் பனையைச் சாய்த்து, குருத்தை மட்டும் உரித்துத் தின்றுவிட்டுப் போயிருக்கும். தோட்டக்காரர் தூக்கம் கெட்டு வெடி போட்டு விரட்டிக்கொண்டிருக்கும்போது டார்ச்சும் செல்போனுமாக வேடிக்கை பார்க்க நிற்பது அவருக்கும் எரிச்சல், வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடும் யானை எந்த வரப்பில் திரும்பும் என்றும் யாருக்கும் தெரியாது. அங்கே ராத்திரி போகாதீர்கள். விடிந்தபின் போய், சாய்ந்த பனையின் அடியில் கிடக்கும் தடத்தை அளந்து பாருங்கள்.