26ஆம் நம்பர் போன பிறகு

மார்ச் 11, 2024

நம் நியூயார்க் ஜயன்ட்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியின் ரன்னிங் பேக் (பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவன்) சேக்வான் பார்க்லி போய்விட்டான். போவான் என்று தெரிந்ததுதான், ஆனால் பிலடெல்பியாவுக்கா? மூன்று வருடம், 37.75 மில்லியன் டாலர், அதில் 26 மில்லியன் உத்தரவாதம். ஜயன்ட்ஸ் ரசிகனுக்கு இதைவிட வயிற்றெரிச்சல் வேறென்ன இருக்கிறது? நியூஜெர்சியில் பாதிப் பேர் ஜயன்ட்ஸ், தெற்கே போகப் போக எல்லாரும் பிலடெல்பியாவின் ஈகிள்ஸ். ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரன் கேம்டன் பக்கத்து ஆள், காலையிலிருந்து சிரித்துக்கொண்டே இருக்கிறான்.

2018இல் டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் தேர்வில்) இரண்டாவது ஆளாக எடுத்தோம். 2020 செப்டம்பரில் சிகாகோவில் முழங்கால் தசைநார் கிழிந்து அந்த சீசனே போனது. திரும்பி வந்து 2022இல் 1,312 யார்டு ஓடி பிளேஆஃப் (நாக்அவுட் சுற்று) வரை இழுத்துக்கொண்டு போனான். அந்த சீசன் முடிந்ததும் 160 மில்லியன் ஒப்பந்தம் கிடைத்தது குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவன்) டேனியல் ஜோன்ஸுக்கு. பார்க்லிக்கு ஒரு வருட ஃப்ரான்சைஸ் டேக் (ஆளை ஒரு வருடம் மட்டும் அணியிலேயே கட்டிவைக்கும் ஏற்பாடு), அவ்வளவுதான்.

ஜூலை 28

எச்பிஓவில் ஜயன்ட்ஸ் அலுவலகத்துக்குள்ளேயே கேமராவை வைத்து எடுத்த தொடர் இந்த மாதம் முழுக்க ஓடுகிறது. பொதுமேலாளர் ஜோ ஷேன் ஓரிடத்தில் சொல்கிறார்: வருடத்துக்கு 40 மில்லியன் கொடுத்து ஒருத்தனை (ஜோன்ஸைத்தான்) வைத்திருப்பது 12 மில்லியன் ரன்னிங் பேக்கிடம் பந்தைக் கொடுப்பதற்காக அல்ல. கணக்கு என்று பார்த்தால் தப்பே இல்லை. ரன்னிங் பேக் சீக்கிரம் தேய்ந்துவிடுவான், 26, 27 வயதைத் தாண்டினால் பெரிய பணம் கொடுக்க யாரும் முன்வருவதில்லை, எல்லா அணியும் இப்படித்தான் நினைக்கிறது. ஆனால் அந்த 40 மில்லியன்காரன் யார் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாமே! முதலாளி ஜான் மாராவுக்கு மட்டும் கொஞ்சம் உறைத்திருக்கிறது போல, பார்க்லி பிலடெல்பியா போனால் தனக்குத் தூக்கம் வராது என்று வாய்விட்டே சொல்கிறார். சொல்லிவிட்டு விட்டும்விட்டார்.

செப்டம்பர் 8

வெள்ளிக்கிழமை சாவோ பாலோவில் ஈகிள்ஸுக்கு முதல் ஆட்டம், பார்க்லிக்கு மூன்று டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோவது). இன்று நம் சொந்த மைதானத்தில் வைக்கிங்ஸிடம் 28-6 தோல்வி. நமக்கு டச்டவுனே இல்லை.

இன்று பார்த்தது இதுதான். பிளே ஆக்‌ஷன் என்றால் குவார்ட்டர்பேக் ரன்னிங் பேக்கிடம் பந்தைக் கொடுப்பதுபோல பாவனை செய்துவிட்டு, கையிலேயே வைத்துக்கொண்டு எறிவது. பார்க்லி இருந்தபோது அந்தப் பாவனைக்கே எதிரணி லைன்பேக்கர்கள் (நடு வரிசைத் தடுப்பாளர்கள்) இரண்டு எட்டு முன்னால் வந்துவிடுவார்கள், கடைசி வரிசையில் நிற்கும் சேஃப்டியும் இறங்கி வருவான், அவர்களுக்குப் பின்னால் திறக்கும் இடத்தில் ஜோன்ஸ் பந்தைப் போடுவான். இன்று அவர்கள் நின்ற இடத்தை விட்டு அசையவே இல்லை. பார்க்லி இடத்துக்கு வந்த டெவின் சிங்கிள்டரி நல்ல ஆட்டக்காரன்தான், ஆனால் அவனைப் பார்த்து யாரும் பயப்படவில்லை.

அக்டோபர் 20

நம் மைதானமான மெட்லைஃபில் பார்க்லி. ஈகிள்ஸிலும் அதே 26ஆம் நம்பர்தான் போட்டிருக்கிறான். தொடக்கத்தில் கூட்டம் கத்திக் கூச்சல் போட்டது, வீட்டில் பையனும் டிவியைப் பார்த்துக் கத்தினான் (அவனிடம் இருப்பதும் 26 போட்ட நீலச் சட்டைதான், அதைக் கழற்றவும் மாட்டேன் என்கிறான்). அப்புறம் ஒரு ஓட்டம் 55 யார்டு, இன்னொன்று 38. 17 தடவை பந்தை வாங்கி 176 யார்டு. நம் அணி மொத்தமும் சேர்ந்து எடுத்தது 119. ஒரு ஆள் ஓடிய தூரத்தை ஒரு அணியால் எட்ட முடியவில்லை. நம் குவார்ட்டர்பேக்குகளை எட்டு முறை பந்தோடு சேர்த்துச் சாய்த்தார்கள், நான்காவது குவார்ட்டரில் ஜோன்ஸை உட்காரவைத்துவிட்டு மாற்று குவார்ட்டர்பேக் ட்ரூ லாக்கை இறக்கினார்கள். 28-3 தோல்வி.

நவம்பர் 4

நேற்று ஜாக்ஸன்வில்லுக்கு எதிராக பார்க்லி செய்ததை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேனோ. ஒரு சின்னப் பாஸை வாங்குகிறான், ஒருத்தனை ஏமாற்றிவிட்டு அப்படியே சுழல்கிறான், சுழன்றதில் முதுகு எதிரியின் பக்கம் திரும்பிவிட, அப்படியே பின்பக்கமாக எகிறி அடுத்தவனைத் தாண்டிவிடுகிறான். பார்க்காமலே! சக ஆட்டக்காரர்களே தலையில் கை வைத்துவிட்டார்கள். எனக்கும் கோபம் வரவில்லை, அதுதான் கோபமாக இருக்கிறது.

நவம்பர் 10

மியூனிக். கரோலினாவிடம் கூடுதல் நேரத்தில் 20-17 தோல்வி. அந்தக் கூடுதல் நேரத்தின் முதல் பந்திலேயே நம் புது ரன்னிங் பேக் ட்ரேசி பந்தைக் கோட்டைவிட்டான். அவனைத் திட்டுகிறவர்கள் திட்டட்டும், அவன் நூறு யார்டுக்கு மேல் ஓடியிருக்கிறான், பல்கலைக்கழகத்தில் ரிசீவராக (எறியும் பந்தைப் பிடிப்பவனாக) இருந்து மாறி வந்தவன், டிராஃப்டின் ஐந்தாவது சுற்றில் கிடைத்தவன். "பார்க்லி இல்லாமலே ஓட முடிகிறதே, அப்புறம் என்ன" என்று நண்பன் கேட்கிறான். ஓட்டம் கிடைக்கிறது, சரி. கூடவே கிடைத்துக்கொண்டிருந்த மற்றதெல்லாம் போய்விட்டது, அதைத்தான் செப்டம்பரிலிருந்து சொல்கிறேன்.

நவம்பர் 22

ஜோன்ஸை விடுவித்தாயிற்று. யாருக்காக பார்க்லியை விட்டார்களோ அவனும் இல்லை.

டிசம்பர் 29

டல்லாஸுக்கு எதிராக பார்க்லி 167 யார்டு. சீசனில் மொத்தம் 2,005. ஒரு சீசனில் இரண்டாயிரத்தைத் தாண்டிய ஒன்பதாவது ஆள்.

நியாயமாகப் பேசினால், இங்கேயே இருந்திருந்தால் இரண்டாயிரம் வந்திருக்காது. போன வருடம் நம்மிடம் 962தான். அங்கே முன்னால் நிற்பவர்கள் மைலாட்டா, லேன் ஜான்சன் போன்ற மலைகள். நம் லைன் (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை) போன சீசனில் குவார்ட்டர்பேக்குகளை 85 முறை விழவிட்ட லைன். ஆகவே மாரா இழந்தது இரண்டாயிரம் யார்டு என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இன்று நாம் ஜெயித்தோம், இண்டியானாபொலிஸை 45-33. பத்துத் தோல்விக்கு அப்புறம் ஒரு வெற்றி, அதுவும் டிராஃப்டில் முதல் இடத்துக்கு (மோசமாகத் தோற்கும் அணிக்குத்தான் அது) ஆசைப்பட்டுக் காத்திருந்த நேரத்தில். இதைக்கூட ஒழுங்காகத் தோற்கத் தெரியவில்லை.

ஜனவரி 5, 2025

ஒரே சீசனில் அதிக யார்டு ஓடிய சாதனை, எரிக் டிக்கர்சன் 1984இல் ஓடிய 2,105ஐத் தாண்ட பார்க்லிக்கு இன்னும் 101 யார்டு தேவை, கடைசி ஆட்டம் யாரோடு? நம்மோடு. வாரம் முழுக்க வயிற்றைக் கலக்கியது. பிளேஆஃபுக்காக ஓய்வு கொடுத்து உட்காரவைத்துவிட்டார்கள். 40 வருடச் சாதனையை நம் முதுகில் ஏறி உடைக்கும் காட்சியிலிருந்து தப்பித்தோம். அவர்களின் மாற்று ஆட்டக்காரர்களிடம் 20-13 தோற்றோம், சீசன் 3-14.

பிப்ரவரி 10

இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் ஈகிள்ஸ் 40, கான்சாஸ் சிட்டி 22. நேற்று பார்க்லிக்கு 28வது பிறந்தநாளும். 25 தடவை பந்தை வாங்கி வெறும் 57 யார்டு, அதைப் பார்த்துவிட்டு "பெரிய ஆட்டத்தில் ஒன்றும் செய்யவில்லையே" என்று இங்கே சிலர் ஆறுதல் தேடுகிறார்கள். ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். கான்சாஸ் சிட்டி அவனை அடைக்கவே கணக்குப் போட்டு வந்தது, அடைத்தும் விட்டது, அதில் திறந்த இடத்தில் ஈகிள்ஸ் குவார்ட்டர்பேக் ஹர்ட்ஸ் 221 யார்டு எறிந்து, தானே 72 ஓடி, எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்) விருதும் வாங்கிக்கொண்டு போனான். அந்த இடம்தான் ஜோன்ஸுக்கு இந்த வருடம் கிடைக்கவில்லை.

பக்கத்து சீட்டுக்காரன் லீவு. வெள்ளிக்கிழமை பிலடெல்பியாவில் ஊர்வலம், அன்றும் வரமாட்டானாம்.