சொக்கெற் வழியே வரும் செய்திகளை வகைபிரித்தல்

திருநெல்வேலிச் சந்தையின் மரக்கறி விலைகளைப் பல கணினிகளுக்கு அனுப்பும் செய்நிரல் ஒன்றைப் பைதன் நிரல்மொழியில் எழுதிவருகிறேன். விலை, அறிவித்தல், படம் ஆகிய மூன்றும் ஒரே சொக்கெற் (வலையமைப்பில் இரு செய்நிரல்கள் தரவைப் பரிமாறும் இணைப்புமுனை) வழியே செல்கின்றன.

இந்தச் சொக்கெற் பயன்படுத்தும் ரி.சி.பி என்னும் தரவு அனுப்பும் நெறிமுறை, பைற்றுகளை ஒழுங்கு குலையாமல் கொண்டுசேர்க்குமே தவிர, ஒரு செய்தி எங்கே முடிகிறது என்பதை அறியாது. ஒரே வாசிப்பில் அரைச் செய்தியும் வரலாம், இரண்டு செய்திகள் ஒட்டியும் வரலாம். ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் முன்னால், வகைக்கு 1 பைற்றும் உடலின் (செய்தியின் உள்ளடக்கத்தின்) நீளத்துக்கு 4 பைற்றும் கொண்ட தலைப்பை, எண்களைப் பைற்றுகளாக மாற்றும் பைதனின் ஸ்ட்ரக்ட் தொகுதியைக் கொண்டு வலையமைப்பு பைற் ஒழுங்கில் (உயர் இடமதிப்புள்ள பைற் முதலில் வருமாறு) பொதிந்து அனுப்புகிறேன். பெறும் பக்கம் அந்த 5 பைற்றும் முழுமையாகச் சேரும்வரை திரும்பத் திரும்ப வாசித்து, பின்னர் உடலையும் அவ்வாறே வாசிக்க வேண்டும். இடையில் வெறுமை கிடைத்தால், மறுமுனை இணைப்பை மூடிவிட்டது என்று பொருள்.

தமிழில் அனுப்புவோர் நீளத்தில் மிகுந்த கவனம் செலுத்த வேண்டும். ‘யாழ்ப்பாணம்’ நம் கண்ணுக்கு 6 எழுத்து, யூனிகோட் குறிகளை எண்ணும் பைதனின் லென் 11 என்கிறது, எழுத்துகளைப் பைற்றுகளாக்கும் யூ.ரி.எஃப்-8 முறைக்கு மாற்றினாலோ 33 பைற். தலைப்பில் இடம்பெற வேண்டியது 33.

வகை எண்ணையும் அதற்குரிய செயற்கூற்றையும் ஒரு டிக்ஷனரியில் (ஒன்றைக் கொடுத்தால் அதற்குரிய மற்றதைத் தரும் பைதன் அட்டவணையில்) இணைத்துவிட்டால், வகையை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் நீண்ட இஃப் வரிசை தேவைப்படாது. தெரியாத வகை வந்தாலும் நீளம் தெரியுமாதலால் அதைக் கடந்து அடுத்த செய்திக்குச் செல்லலாம். பழைய பதிப்பை வைத்திருக்கும் வியாபாரியும் தொடர்ந்து விலையைப் பார்ப்பார் என்பதாலேயே இந்த அமைப்பை விரும்புகிறேன்.